வெறும் கம்பு

முதல் மூன்று வாரம் எங்களுக்கு எடையே கிடையாது.
ஒட்டடைக் கம்பு ஒன்று, அதுவும்
தலையைக் கழற்றிவிட்டு.
கேத்தி பாலாடாவில், கேரட் கழுவும் ஷெட்டுக்குப் பின்னால்
யூனிஸும் நானும்
அதைத் தோளில் வைத்துக்கொண்டு
இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தோம்.

லோடுமேன்கள் டீ ஆறுவதை மறந்து பார்த்தார்கள்.
"என்ன பாப்பா, காத்தைத் தூக்குறீங்களா?"
ஆமாண்ணே, காத்தைத்தான்.
காற்று கோணினால்கூட யூனிஸ் கண்டுபிடித்துவிடுவாள்:
"முட்டி உள்ளே போகுது. மறுபடி."

ஜனவரி. புல்லின் மேல் உறைபனி,
யாரோ உப்பைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி.
முதல் பஸ்கூடப் பத்து நிமிடம்
நின்ற இடத்தில் உறுமிவிட்டுத்தான்
ஊட்டி ஏற்றத்தில் மூக்கை வைக்கும்.
நாங்கள் ஷெட்டைச் சுற்றி ஆறு ஓட்டம்.
கையைச் சுழற்றி, இடுப்பைச் சுழற்றி,
வாயில் புகை வர, காது மடல் சுட,
ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும் வரை
கம்பைத் தொடுவதில்லை.

யூனிஸின் அக்கா கோவையில் பிசியோதெரபி, இரண்டாம் ஆண்டு.
அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில்
பின்னால் ஹாஸ்டல் தட்டுகளின் சத்தம்:
"மூச்சை அடக்காதீங்கடி. தூக்கும்போது விடணும்.
இன்னும் ரெண்டு முடியும்னு தோணும்போதே நிறுத்து.
எரிச்சல் வேற, வலி வேற.
அது உனக்கே தெரியும், பொய் சொல்லாதே."

சித்தப்பா மகன் திவாகரனுக்கும் தெரிந்துதான் இருக்கும்.
பதினாலு வயசு. ஐம்பது ரூபாய்ப் பந்தயம்.
ஈரம் சொட்டும் கேரட் மூட்டையை
முதுகை வளைத்து ஒரே இழுப்பு.
தூக்கியும்விட்டான். ஐம்பது ரூபாயும் வந்தது.
அப்புறம் பதினோரு நாள்
அவன் செருப்பை மாட்டிவிட
சித்தி குனிந்தாள்.

எலும்பு முனையெல்லாம் இன்னும் பச்சை மண்தானாம் எங்களுக்கு.
அறைக் கதவில் பென்சில் கோடுகள்:
ஜூனில் ஒன்று, தீபாவளிக்கு ஒன்று,
நடுவே மூன்று விரல்.
நேற்று வரை நுழைந்த வாசலில்
இன்று முழங்கையை இடித்துக்கொள்கிறேன்.
இந்த உடம்பை எங்கே வைத்தேன் என்று
தினமும் தேட வேண்டியிருக்கிறது.
அதற்குத்தான் கம்பு.

பிப்ரவரியில் தண்ணீர் பாட்டில்கள் வந்தன,
கைக்கு ஒரு லிட்டர்.
செவ்வாய், வியாழன், சனி.
மற்ற நாளில் சும்மா இருப்பதுதான்
எனக்கு வராத பயிற்சி.
ஒரு புதன்கிழமை ஏமாற்றினேன்,
யாரும் இல்லாத ஷெட்டில், எண்ணாமல்.
மறுநாள் மதியம் கை நடுங்கி
சாம்பார் வெள்ளைச் சட்டையில்.
யூனிஸ் நோட்டில் என் பெயருக்கு நேரே எழுதினாள்:
திருடி.

நேற்று லாரி காத்திருந்தது, ஆள் குறைவு.
"இத்தனை மாசம் பண்ணியே பாப்பா, ஒண்ணு தூக்கேன்."
நடுவில் ஒரு மூட்டை. சுற்றிலும் பூட்ஸ் கால்கள்.
திவாகரன் தூணோடு தூணாக நின்றிருந்தான்.

குந்தினேன். பாதம் அகலம், முதுகு நேர்.
இரண்டு கையையும் கொடுத்து
மெல்ல ஒருதரம் கேட்டுப் பார்த்தேன்.
மூட்டை பதில் சொன்னது.

கட்டை அவிழ்த்தேன்.
கேரட்டை அள்ளிக் கூடையில் போட்டேன்.
சிரித்தார்கள், அள்ளினேன்.
டிரைவர் ஹாரன் அடித்தார், அள்ளினேன்.
சாக்கு தொளதொளத்துத் தொங்கிய பிறகு
நெஞ்சோடு அணைத்து எழுந்தேன்,
மூச்சை விட்டபடி.

லாரித் தட்டு வரை பதினேழு எட்டு.
திரும்பி வந்தபோது
கூடையின் ஒரு காதைத் திவாகரன் பிடித்திருந்தான்,
முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி.
மறு காது எனக்கு.

யூனிஸ் மட்டும் சிரிக்கவும் இல்லை, கைதட்டவும் இல்லை.
"இன்னைக்கு என்ன கிழமை?" என்றாள்.

ஞாயிறு.

நோட்டை எடுத்தாள்.